பி.எஸ்சி. பயோடெக்கில் சேரலாமா? செல்லுக்குள் நடப்பதைப் படிக்க ஆசை, வீட்டில் பயம்

சிவகாசிப்பொண்ணு:

எல்லோருக்கும் வணக்கம். இந்த வருடம் பிளஸ் டூ முடித்தேன். உயிரியல், கணிதம் இரண்டும் உள்ள பிரிவு. தமிழ் வழி. 600-க்கு 517. கோச்சிங் போகாமல் நீட் ஒரு தடவை எழுதினேன், மார்க் வரவில்லை. மறுபடி எழுது என்கிறார் மாமா. டாக்டர் ஆகவேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. நினைத்ததெல்லாம் சொந்தக்காரர்கள்தான்.

எனக்குப் பிடித்தது விலங்கியலில் வரும் மூலக்கூறு மரபியல். ஹெர்ஷி, சேஸ் என்ற இரு விஞ்ஞானிகள் 1952-ல் செய்த சோதனையை நடத்தும்போது எங்கள் டீச்சர் ஒன்று சொன்னார். பாக்டீரியாமேல் ஒட்டியிருந்த வைரஸ் கூடுகளை உதிர்க்க அவர்கள் பயன்படுத்தியது சமையலறையில் இருக்கிற மாதிரி ஒரு மிக்சிதானாம். உள்ளே போனது டிஎன்ஏ, வெளியே உதிர்ந்தது புரதம், ஆகவே பாரம்பரியப் பொருள் டிஎன்ஏ. அன்றைக்கு வீட்டுக்கு வந்து எங்கள் மிக்சியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். அம்மா என்னடி என்று கேட்டார், சொல்லத் தெரியவில்லை.

வெளிநாட்டில் மாலிக்யூலர் செல் பயாலஜி என்று தனிப் பட்டமே இருக்கிறது என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். எங்கள் பக்கத்துக் கல்லூரியில் பயோடெக்னாலஜி, மைக்ரோபயாலஜி, விலங்கியல் மூன்றும் இருக்கின்றன. நான் தேடுவது இதில் எது? படித்தால் வேலை கிடைக்குமா? அப்பா ஆஃப்செட் அச்சகத்தில் காலண்டர் வேலை பார்க்கிறார், தம்பி பத்தாவது. மூன்று வருடம் வீணாகிவிடுமோ என்று அப்பாவுக்குப் பயம். அடுத்த திங்கள்கிழமைக்குள் ஃபீஸ் கட்டவேண்டும். தெரிந்த அக்கா, அண்ணன்கள் சொல்லுங்கள்.

கோடிங்காரன்:

நான் பி.எஸ்சி. பயோடெக், 2016 பேட்ச். இப்போது திருச்சியில் மெடிக்கல் கோடிங். அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் டாக்டர்கள் எழுதிவைத்ததைப் படித்து, நோய்க்கு ஒரு எண், சிகிச்சைக்கு ஒரு எண் போட்டுத் தருகிற வேலை. என் வகுப்பில் பாதிப் பேர் இதில்தான் இருக்கிறோம். மூன்று வருடம் உருப்போட்ட கிரெப்ஸ் சுழற்சி ஒருநாள்கூட உதவவில்லை, உடலுறுப்புகளின் பெயர்தான் உதவியது.

பி.எஸ்சி. முடித்த கையோடு லேபில் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. ரத்தப் பரிசோதனை மையத்துக்குப் போனால் டிஎம்எல்டி, அதாவது லேப் டெக்னீஷியன் டிப்ளமோ, இருக்கிறதா என்று கேட்பார்கள். பயோடெக் என்றால் "அது வேற, இது வேற" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். எனக்கு நடந்தது. வீட்டில் உடனே சம்பளம் வேண்டும் என்றால் பி.காம். போ, அல்லது நர்சிங் போ. கசப்பாக இருக்கும், ஆனால் சொல்லாமல் விட்டால் பாவம்.

பிப்பெட்ராணி:

தங்கச்சி, மிக்சியைப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்துவிட்டு பதில் போடாமல் போக மனசு வரவில்லை. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன்.

நான் அருப்புக்கோட்டைப் பக்கம். உன்னை மாதிரி தமிழ் வழி. 2008-ல் பி.எஸ்சி. பயோடெக் சேர்ந்தேன், அப்புறம் எம்.எஸ்சி. இப்போது கோவையில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் மாலிக்யூலர் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். கோடிங் தம்பி சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அது பாதிக் கதை.

முதலில் பெயர். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மூலக்கூறு, செல் உயிரியல் என்றே ஒரு துறை இருக்கிறது. நம் ஊர்க் கல்லூரிகளில் அந்தப் பெயரைத் தேடி அலையாதே. இங்கே அதே பாடம் துண்டு துண்டாகப் பிரிந்து கிடக்கிறது. செல் உயிரியல், மூலக்கூறு உயிரியல், மரபணுப் பொறியியல் மூன்றும் பெரும்பாலும் பயோடெக்கில் வரும். புரதம், நொதி, வளர்சிதை மாற்றம் எல்லாம் பயோகெமிஸ்ட்ரியில் ஆழமாக இருக்கும். மைக்ரோபயாலஜியில் பாக்டீரியாவை வளர்க்கக் கை பழகும். அதனால் சேரும் முன் பாடத்திட்டத்தை வாங்கி, ஒவ்வொரு பருவத்திலும் என்ன தாள் என்று பார். பட்டத்தின் பெயரைவிட அதுதான் முக்கியம்.

இனி நான் படித்த லட்சணம். எங்கள் வகுப்பில் 32 பேர், திரவத்தை அளந்து எடுக்கும் பிப்பெட் இரண்டு. டிஎன்ஏவைப் பல மடங்காகப் பெருக்கும் பிசிஆர் மெஷின் ஒன்று இருந்தது, துறைத்தலைவர் அறையில், பூப்போட்ட மேசைவிரிப்பு போர்த்தி. ஆய்வுக் குழு வரும் அன்று மட்டும் விரிப்பை எடுப்பார்கள். மூன்று வருடத்தில் அது ஓடி நான் பார்த்ததில்லை. 95 டிகிரியில் டிஎன்ஏவின் இரு இழைகளும் பிரியும், 55 பக்கம் பிரைமர் என்ற குட்டி டிஎன்ஏ துண்டு ஒட்டும், 72-ல் புதிய இழை நீளும் என்று ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்து, ஸ்கெட்ச் பேனாவால் கலர் அடித்து, பத்துக்குப் பத்து வாங்கினேன். கையில் தொட்டது எம்.எஸ்சி.யில்தான். பல்கலைக்கழகத்தில் முதல் நாள் இரண்டு மைக்ரோலிட்டர் எடு என்றார்கள். எடுத்தேன். நுனியில் ஏதாவது இருக்கிறதா என்று கண்ணுக்கே தெரியவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் சுமார் 50 மைக்ரோலிட்டர், அதில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. கை நடுங்கி பக்கத்தில் இருந்தவளின் குழாய்க்குள் விட்டுவிட்டேன்.

அந்த வருடம்தான் அம்பிசிலின் கதையும் நடந்தது. வேண்டிய ஜீன் உள்ள பிளாஸ்மிட்டை, அதாவது குட்டி டிஎன்ஏ வளையத்தை, ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் ஏற்றவேண்டும். ஐஸில் வைத்த செல்லை 42 டிகிரியில் ஒரு நிமிடம் சூடுகாட்டித் திரும்ப ஐஸில் வைத்தால் சில செல்கள் மட்டும் பிளாஸ்மிட்டை வாங்கிக்கொள்ளும். பிளாஸ்மிட்டில் அம்பிசிலின் என்ற பாக்டீரியா கொல்லி மருந்தைத் தாங்கும் ஜீன் சேர்ந்தே இருக்கும். அம்பிசிலின் கலந்த தட்டில் பரப்பினால் வாங்காதவை செத்துப்போகும், வாங்கியவை மட்டும் புள்ளி புள்ளியாக வளரும். மருந்தை, தட்டில் ஊற்றும் அகார் கூழ் கொதிக்கும்போது போட்டால் கெட்டுவிடும், கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியபிறகுதான் போடவேண்டும். நான் ஆறட்டும் என்று வைத்துவிட்டு போனில் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தேன். பேசிமுடித்து வந்து அப்படியே தட்டில் ஊற்றிவிட்டேன். மருந்து குளிர்பெட்டியிலேயே இருந்தது.

மறுநாள் காலையில் தட்டைத் திறந்தால் புள்ளியே இல்லை, தட்டு முழுக்கப் பாலாடை மாதிரி படர்ந்திருக்கிறது. எனக்கோ சந்தோஷம், இவ்வளவு வளர்ந்திருக்கிறதே என்று! ஆராய்ச்சி மாணவர் ஒரு அண்ணன் வந்து பார்த்தார். பிளாஸ்மிட் போடாத செல்லைப் பரப்பிய தட்டு எங்கே என்றார். எடுத்துக் காட்டினேன். அதிலும் பாலாடை. "இது வெறுமையா இருந்திருக்கணும்மா. வெறுமையா இல்லைன்னா அந்தத் தட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட உனக்கு உரிமை இல்லை" என்றார். நல்ல மனுஷன், அன்றைக்கு அவரை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன்.

இந்தப் படிப்பில் கண்ட்ரோல் என்பது அதுதான். எதுவும் நடக்கக்கூடாத ஒரு குழாயைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, அதில் உண்மையிலேயே எதுவும் நடக்கவில்லை என்று பார்த்த பிறகுதான் மற்றதைப் பேசவேண்டும். உன் ஹெர்ஷி, சேஸையே எடுத்துக்கொள். கதிரியக்கப் பாஸ்பரஸ்-32 போட்டு டிஎன்ஏவை அடையாளப்படுத்தியதோடு நிற்காமல், கந்தகம்-35 போட்டுப் புரதத்தைத் தனியாக ஏன் பின்தொடர்ந்தார்கள்? அதை யோசித்துப் பார். மார்க்குக்குப் படித்தபோது எனக்கு அது இரண்டு அம்புக்குறியாகத்தான் இருந்தது.

2020-ல் கொரோனா வந்தபோது பிசிஆர் தெரிந்த கைகளுக்குத் திடீரென்று மதிப்பு வந்தது. என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு தட்டில் 96 குழிகள். 94 பேரின் மாதிரி, ஒன்றில் வைரஸ் இருப்பது நிச்சயமாகத் தெரிந்த மாதிரி, ஒன்றில் வெறும் தண்ணீர். ஒரு நாள் இரவு ஒன்றரை மணி. கவச உடைக்குள் வியர்வை ஊற்றுகிறது. திரையில், வைரஸ் இருந்தால் மேலே ஏறும் கோடுகளில், வெறும் தண்ணீர்க் குழியின் கோடு 33-வது சுழற்சியில் மெல்ல மேலே ஏறுகிறது. 35-க்குள் வந்தால் பாசிட்டிவ் என்று கணக்கு. அதாவது தண்ணீருக்குக் கொரோனா! எங்கேயோ கலந்துவிட்டது. 94 பேருக்கும் அறிக்கை கொடுக்க முடியாது. காலை அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவர்கள் அதில் இருக்கிறார்கள். மேலே இருந்து போன், வந்ததை அப்படியே அனுப்பம்மா என்று. முடியாது சார் என்று சொல்லிவிட்டு, புதுத் தண்ணீர், புது ரீஏஜென்ட் எடுத்து முதலிலிருந்து தொடங்கினேன். விடிந்து ஆறே முக்காலுக்குத் தண்ணீர்க் கோடு தரையோடு தரையாகப் படுத்திருந்தது. முதல் தட்டில் பாசிட்டிவ் காட்டிய நான்கு பேர் இரண்டாவதில் நெகட்டிவ்.

அந்த இரவில் உதவியது நான் மார்க் வாங்கிய கலர் படம் அல்ல, அந்தப் பாலாடைத் தட்டு. ஆகவே கோடிங் தம்பிக்கு என் பதில்: படிப்பில் குறை இல்லை தம்பி, உங்களுக்கும் எனக்கும் பி.எஸ்சி.யில் யாரும் பிப்பெட்டைக் கையில் கொடுக்கவில்லை.

தங்கச்சி, அதனால் ஃபீஸ் கட்டும் முன் கல்லூரிக்கு நேரில் போ. ப்ராஸ்பெக்டஸில் உள்ள மெஷின் படங்களைப் பார்த்து ஏமாறாதே. லேப் உதவியாளரைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேள்: "அண்ணே, இங்கே ஐஸ் எங்கிருந்து வருது?" சிரிக்காதே. டிஎன்ஏவை வெட்டும் நொதியை ஐஸில்தான் வைக்கவேண்டும், பிளாஸ்மிட் ஏற்றும் செல்லுக்கும் ஐஸ் வேண்டும். வேலை நடக்கிற லேபில் ஐஸ் இல்லாமல் முடியாது. ஐஸா, எதுக்கு என்று அவர் திருப்பிக் கேட்டால் அங்கே மேசைவிரிப்புதான் இருக்கிறது என்று புரிந்துகொள்.

வெங்காயவேர்:

நான் விலங்கியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ராணி அம்மா எழுதியதில் பெரும்பகுதி எனக்கு உடன்பாடு, ஒரு இடம் தவிர. பயோடெக்கில்தான் செல் உயிரியல் இருக்கிறது என்ற தொனி வந்துவிட்டது.

மகளே, செல் பிரிவதைப் பார்க்க லட்ச ரூபாய் மெஷின் வேண்டாம். வெங்காயத்தின் அடியைத் தண்ணீரில் தொட்டபடி வைத்தால் இரண்டு மூன்று நாளில் வேர் விடும். காலையில் நுனியை வெட்டி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் லேசாகச் சூடாக்கி, அசிட்டோகார்மின் சாயம் போட்டு, கண்ணாடிச் சில்லுக்கு அடியில் கட்டைவிரலால் அழுத்தினால் குரோமோசோம்கள் கண்முன் நிற்கும். வெங்காயத்துக்குப் பதினாறு. என் மாணவர்கள் எண்ணிவிட்டுத்தான் சாப்பிடப் போவார்கள். நல்ல நுண்ணோக்கியும் அக்கறையுள்ள ஆசிரியரும் உள்ள விலங்கியல் துறை, விரிப்பு போர்த்திய பயோடெக் துறையைவிட மேல்.

இன்னொன்று, யாரும் சொல்லாதது. பின்னால் பி.எட். முடித்துப் பள்ளி ஆசிரியராகும் எண்ணம் வீட்டில் யாருக்காவது இருந்தால், பட்டத்தின் பெயர் மிகவும் முக்கியம். விலங்கியல், தாவரவியல் என்றால் சிக்கல் இல்லை. வேறு பெயர் என்றால் அது இவற்றுக்கு இணை என்று அரசாணை உண்டா என்று பார்ப்பார்கள். இல்லாமல் தடுமாறிய பிள்ளைகளை நான் அறிவேன். சேர்ந்தபிறகு அழுது பயனில்லை, முன்பே விசாரித்துவிடுங்கள்.

கணக்கு படித்திருக்கிறீர்கள், அதை விட்டுவிடாதீர்கள். சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் முனைவர் பட்டம் வரை இயற்பியல்தான் படித்தார். அப்புறம்தான் உயிரியல் பக்கம் திரும்பி, மறுபடி மாணவராக உட்கார்ந்தார். செல்லுக்குள் புரதம் கட்டும் ரிபோசோமின் அமைப்பைக் கண்டதற்காக 2009-ல் நோபல் பெற்ற மூவரில் ஒருவர், அதுவும் வேதியியலில். புரதம் எந்தக் கோணங்களில் மடங்கலாம் என்று காட்டும் ராமச்சந்திரன் வரைபடம் எல்லா உயிர்வேதியியல் நூலிலும் வரும். 1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் போட்ட வரைபடம் அது, அதைப் போட்ட ஜி.என். ராமச்சந்திரனும் இயற்பியல்காரர்.

சிவகாசிப்பொண்ணு:

ராணி அக்கா, சார், கோடிங் அண்ணா, எல்லோருக்கும் நன்றி. அப்பாவிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். தண்ணீருக்குக் கொரோனா என்ற இடத்தில் சிரித்தார். அச்சகத்திலும் முதல் தாளை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் மொத்தத்தையும் ஓட்டுவோம், இதுவும் அதுதானே என்றார்.

இரண்டு சந்தேகம் அக்கா. தமிழ் வழியில் படித்துவிட்டு இங்கிலீஷில் எப்படிச் சமாளித்தீர்கள்? எம்.எஸ்சி. வரை போனால்தான் பிழைப்பு என்றால் செலவுக்கு என்ன செய்வது?

பிப்பெட்ராணி:

அப்பா சரியாகப் பிடித்துவிட்டார், அவரை நான் வேலைக்கு எடுத்துக்கொள்கிறேன்.

இங்கிலீஷ்: முதல் பருவத்தில் எனக்கு இரண்டு அரியர். வகுப்பில் ட்ரான்ஸ்கிரிப்ஷன் என்றால் என்னவோ புது விஷயம் என்று விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பிளஸ் டூவில் படித்த படியெடுத்தல்தான் அது என்று பிடிபட ஒரு மாதம் ஆனது. அப்புறம் ஒரு நோட்டுப் போட்டேன். இடப்பக்கம் பள்ளியில் படித்த தமிழ்ச் சொல், வலப்பக்கம் கல்லூரிச் சொல். படியெடுத்தல் என்ற சொல்லிலேயே விஷயம் இருக்கிறது பார், மூலத்தை அப்படியே வைத்துவிட்டு ஒரு படி மட்டும் எடுப்பது. இங்கிலீஷ் வழியில் வந்த பிள்ளைகளில் பலர் ட்ரான்ஸ்கிரிப்ஷனையும் ட்ரான்ஸ்லேஷனையும் கடைசி வரை மாற்றி மாற்றி எழுதினார்கள், எனக்கு அந்தக் குழப்பம் வரவே இல்லை. உன் விலங்கியல் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதே.

வேதியியலையும் பிடித்துக்கொள். மோல் கணக்கு, பஃபர், நீர்த்தல். லேபில் ஒரு நாளைக்கு நான்கு தடவை அந்தக் கணக்குதான். மடக்கையும் வேண்டும். பிசிஆரில் ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாகிறது என்றால், இரண்டு பேருக்கு 3.3 சுற்று வித்தியாசம் வந்தால் ஒருவரிடம் ஏறத்தாழ பத்து மடங்கு வைரஸ் இருக்கிறது என்று பொருள். அது எப்படி என்று நீயே போட்டுப் பார்த்துக்கொள்.

செலவு: எம்.எஸ்சி.க்கு ஜாம், கேட்-பி என்று நுழைவுத்தேர்வுகள் உண்டு. கேட்-பியின் முதல் பகுதியில் பிளஸ் டூ இயற்பியல், வேதியியல், கணக்கு, உயிரியல் நான்கும் வரும், அது உனக்குச் சாதகம். அந்த வழியில் சேர்ந்தால் மத்திய அரசின் உயிரித்தொழில்நுட்பத் துறை ஆதரவுள்ள படிப்புகளில் மாத உதவித்தொகையும் உண்டு. அப்புறம் ஆராய்ச்சிக்குப் போவதானால் சிஎஸ்ஐஆர் நெட் தேர்வு எழுதி ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கவேண்டும், 2023 முதல் மாதம் 37,000. லேசில் கிடைக்காது, எனக்குக் கிடைக்கவில்லை, இரண்டு தடவை எழுதினேன். நான் கோட்டைவிட்ட இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: பெங்களூரு அறிவியல் அகாடமியும் மற்ற இரண்டு தேசிய அகாடமிகளும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சிப் பயிற்சி. இரண்டு மாதம் ஒரு நல்ல ஆய்வகத்தில் உட்கார்ந்து வேலை பழகலாம், உதவித்தொகையும் தருவார்கள். முந்தைய வருடக் கடைசியிலேயே விண்ணப்பிக்கவேண்டும். எங்கள் கல்லூரியில் யாருக்கும் அது தெரியாது. தேதியை நீயே பார்த்துவைத்துக்கொள்.

கோடிங்காரன்:

அக்கா சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். எனக்கு யாரும் ஐஸ் கேள்வி சொல்லித் தரவில்லை. தங்கச்சி, போய்க் கேட்டுவிட்டு இங்கே வந்து எழுது, எனக்கே ஆவலாக இருக்கிறது.

சிவகாசிப்பொண்ணு:

இன்றைக்கு அப்பாவோடு கல்லூரிக்குப் போய்வந்தேன். சார் சொன்னபடி விலங்கியல் துறையையும் பார்த்தேன். நுண்ணோக்கிகள் நிறைய இருந்தன, பாதிக்குமேல் உறை போட்டு வைத்திருந்தார்கள். எந்த வேலை கேட்டாலும் ஒத்துவரும் பட்டமா என்று அப்பா ஆபீஸில் விசாரித்தார். பயோடெக்குக்கு ஆசிரியர் வேலையில் சிக்கல் வரலாம் என்று சொன்னார்கள். ஆசிரியர் வேலை எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பயோடெக் லேபில் ஒரு அண்ணன் குழாய் கழுவிக்கொண்டிருந்தார். பிப்பெட் ஆறு இருக்கிறது, எண்ணினேன். பிசிஆர் மெஷின்மேல் விரிப்பு இல்லை, ஆனால் தூசி இருந்தது. ஐஸ் எங்கிருந்து வருது அண்ணே என்று கேட்டேன். அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு, மூலையில் இருந்த தெர்மகோல் பெட்டியைக் காட்டினார். செவ்வாய்க்கிழமை காலையில் பஸ் ஸ்டாண்டு பக்கம் மீன்கடையில் வாங்கி சைக்கிளில் வைத்துக் கொண்டுவருவாராம். ஐஸ் மெஷின் வாங்கித் தரச் சொல்லி மூன்று வருடமாகக் கேட்கிறார்களாம், வரவில்லையாம். பெட்டியைத் திறந்து பார்த்தேன், மீன் வாடை அடித்தது.

பிப்பெட்ராணி:

செவ்வாய்க்கிழமை மட்டுமா, வாராவாரமா?

சிவகாசிப்பொண்ணு:

வாராவாரம் அக்கா. பரீட்சை நேரத்தில் மட்டும் இல்லையாம்.

பிப்பெட்ராணி:

அப்படியென்றால் வாரத்துக்கு ஒரு நாள் அங்கே உண்மையிலேயே ஏதோ நடக்கிறது. திங்கள்கிழமை போய் ஃபீஸைக் கட்டு. குழாய் கழுவுகிற அந்த அண்ணன் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்.